என்னிடம் இருந்த நகல்

திண்டுக்கல்லில் ஒரு தனியார் கல்லூரியில் எட்டு வருடமாகக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். பாடம் நடத்துவதில்லை. ஆய்வகத்து மெஷின்கள், அலுவலகத்து மெஷின்கள், பிரிண்டர், வைஃபை, முதல்வர் அறையில் தொங்கும் புரொஜெக்டர் என்று எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கறுப்புத் திரையைத் திறந்து நாலு வரி கமாண்ட் அடித்து வேலையை முடிக்கத் தெரிந்தவன் அந்தக் கட்டடத்தில் நான் ஒருவன்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். கணினித் துறை ஆசிரியர்களே ஏதாவது சிக்கிக்கொண்டால் என் அறைக்கு வந்து நிற்பார்கள். அவர்கள் நிற்பது எனக்குப் பிடிக்கும். உட்காரச் சொல்ல மாட்டேன்.

தேர்வுப் பிரிவில் ஒரு அக்கா இருந்தார். நாற்பத்து நான்கு வயது. ஆத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். டைப்பிஸ்டாகச் சேர்ந்து இருபது வருடம் ஆகியிருந்தது. கல்லூரியில் எனக்கு முதலில் பழக்கமானவர் அவர்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போவதைப் பார்த்துவிட்டு, "கடைச் சோறு எதுக்கு தம்பி, வெஞ்சனம் நான் சேத்துக் கொண்டாறேன்" என்று சொல்லி மூன்று மாதம் போலத் தன் டப்பாவிலிருந்து பொரியல் எடுத்து வைத்தார். அவருக்கு நான் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒவ்வொரு பருவத் தேர்வுக்கும் முன்னால் மாணவர்களின் புகைப்படத்தையும் கையெழுத்தையும் பல்கலைக்கழகத்தின் தளத்தில் ஏற்ற வேண்டும். கல்லூரியிலேயே வெள்ளைத் திரைக்கு முன்னால் நிறுத்தி கேமராவில் எடுப்போம். படம் எடுப்பது என் வேலை. ஒவ்வொரு படத்தையும் சின்னதாக்கி, மாணவரின் பதிவு எண்ணைப் பெயராக வைத்து அடுக்குவது அக்காவின் வேலை. அறுநூற்றுச் சொச்சம் படங்கள். ஒவ்வொன்றாகத் திறந்து, குறுக்கி, பெயர் மாற்றி, மூடி. பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாளும் வலது மணிக்கட்டில் எலாஸ்டிக் பட்டை கட்டிக்கொண்டு வருவார்.

ஒருநாள் என் அறைக்கு வந்து, இதை மெஷினே செய்கிற மாதிரி ஸ்கிரிப்ட் எழுதலாமாமே, யூடியூபில் பார்த்தேன், கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன் என்றார். நான் எழுதிக் கொடுத்திருந்தால் அரை மணி நேர வேலை. அத்தனை வருடமும் அவர் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை. தோன்றவில்லை என்று எழுதுவதும் பொய்தான். தோன்றியது. அவர் கேட்கட்டும் என்று இருந்தேன். கேட்கவில்லை. தானே எழுதக் கிளம்பிவிட்டார்.

அலுவலக மெஷின்களை அதற்கு முந்தின வருடம்தான் லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு மாற்றியிருந்தேன். அக்கா சாப்பாட்டு நேரத்தில் ஒரு நீள நோட்டை விரித்துவைத்து, அதில் எழுதியிருந்த வரிகளைப் பார்த்துப் பார்த்து அடிப்பார். முதல் ஸ்கிரிப்டை ஓட்டியதும் அனுமதி மறுக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. புதிதாக எழுதுகிற எல்லோருக்கும் முதல் நாள் வருகிற வரி அது. அந்தக் கோப்பை ஓட்டலாம் என்று மெஷினுக்கு ஒரு கமாண்டில் சொல்லிவிட்டால் போதும்.

"தம்பி, செத்த வாரீகளா? அனுமதி இல்லைங்குது" என்றார்.

அலுவலகத்தில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். நான் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "அனுமதி முதல்வர்தான்க்கா குடுக்கணும். போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க" என்றேன்.

அவர் எழுந்துபோனார். முதல்வர் அறை வாசலில் நின்று, உள்ளே யாரோ இருந்ததால் காத்திருந்தார். இங்கே எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து அவராகவே திரும்பி வந்தார். கதவுக்கு வெளியே நிற்கும்போதே புரிந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்து அவரும் சிரித்தார். "நல்லா ஏமாத்துனீக தம்பி" என்று சொல்லிவிட்டு மறுபடி நோட்டைத் திறந்துகொண்டார். அன்று மாலைக்குள் அந்தக் கமாண்டை அவரே கண்டுபிடித்துவிட்டார்.

அவர் கோபப்பட்டிருந்தால் நான் அத்தோடு நிறுத்தியிருப்பேனோ என்று பிறகு யோசித்திருக்கிறேன். தெரியவில்லை.

அடுத்தது, வீட்டில் மகளின் லேப்டாப்பில் எழுதி பென்டிரைவில் கொண்டுவந்த ஸ்கிரிப்ட். லேப்டாப்பில் வேறு இயங்குதளம். அதில் எழுதினால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கொள்ளும். லினக்ஸ் அதைப் பார்த்துவிட்டு அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லும். திரையில் பார்த்தால் வரி சரியாகத்தான் இருக்கும். அக்கா ஒவ்வொரு எழுத்தாக நோட்டோடு ஒப்பிட்டார். அழித்துவிட்டு மறுபடி அடித்தார். அதையும் வீட்டிலிருந்தே அடித்துக்கொண்டு வந்தார். அதே பிழை. இரண்டு முழு நாள்.

மூன்றாம் நாள் நோட்டோடு என்னிடம் வந்தார். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"எழுதியிருக்கிறதைப் படிங்க மேடம். இங்கிலீஷ்லதானே இருக்கு" என்றேன்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக அவரை மேடம் என்று கூப்பிட்டேன். அவர் கவனித்தார். நோட்டை மூடிக்கொண்டு போனார். அவர் போனபின் அந்தப் பிழை தெரிந்த திரையைப் படம் எடுத்து, 'மூன்று நாளாக நம் தேர்வுப் பிரிவு' என்று எழுதி அலுவலர்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன். சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்தன. அந்தக் குழுவில் அவரும் இருந்தார்.

அதையும் அவரே தீர்த்தார். வீட்டில் எழுதுவதை விட்டுவிட்டு, காலையில் அரைமணி நேரம் முன்னால் வந்து அலுவலக மெஷினிலேயே எழுதத் தொடங்கினார். அதற்கடுத்து போல்டர் பெயரில் இடைவெளி விட்டதால் மெஷின் ஒரு பெயரை இரண்டு பெயராக எடுத்துக்கொண்டது. என்னிடம் வரவே இல்லை. ஒருநாள் போகிறபோக்கில் பார்த்தேன். மேற்கோள் குறி போட்டுச் சரி செய்திருந்தார்.

இரண்டு மாதத்தில் அவர் ஸ்கிரிப்ட் ஓடியது. இருபது படங்களை வைத்துக்கொண்டு முதல்வரைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு வரி அடித்தார். நாலு நொடியில் இருபதும் சின்னதாகி, பதிவு எண்ணோடு வரிசையாக நின்றன. முதல்வர் குனிந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, இம்புட்டு வருஷமா இதை நீ செஞ்சு குடுத்திருக்கலாமே? அந்தம்மாவே செஞ்சிருச்சு பாரு. இனி உனக்கு இங்க என்ன வேலை?" என்றார்.

விளையாட்டாகச் சொன்னதுதான். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி இல்லாட்டி எனக்கு மெஷினைத் திறக்கவே தெரியாது சார்" என்றார். எனக்காகப் பேசுகிறார் என்பது புரிந்தது. அது முதல்வர் சொன்னதைவிட அதிகமாக எரிந்தது.

அந்த வாரமே அக்கா ஸ்கிரிப்டை அச்செடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். எல்லாத் துறைப் படங்களும் வந்துசேர்ந்துவிட்டன, அடுத்த செவ்வாய்க்கிழமை மொத்தமாக ஓட்டப்போகிறேன், அதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துத் தரவேண்டும் என்றார்.

"எனக்குத் தெரியாத தப்பு ஏதும் இருந்தா சொல்லுங்க தம்பி. பயமா இருக்கு."

ஒரே பக்கம். படித்தேன். நன்றாகவே எழுதியிருந்தார். ஆரம்பத்தில் இரண்டு வரி இருந்தது. முதல் வரி: தற்காலிகப் படங்கள் இருக்கும் உள்போல்டருக்குள் போ. இரண்டாவது வரி: அங்கே இருப்பதை எல்லாம் அழி. முன்பு ஓட்டியதன் மிச்சம் கிடந்தால் புதியவற்றோடு கலந்துவிடக்கூடாது என்பதற்காக.

புதிதாக எழுதுகிறவர்கள் எல்லோரும் இங்கே விழுவார்கள். உள்ளே போக முடியாவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்க மாட்டார்கள். அந்தப் பெயரில் போல்டர் இல்லையென்றால், பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால், மெஷின் உள்ளே போகாது. போகவில்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டு, நிற்கிற இடத்திலேயே இரண்டாவது வரியைச் செய்யும். நிற்கிற இடத்தில் இருப்பவை மூலப் படங்கள்.

முதல் வரியின் முடிவில் ஒரு சொல் சேர்த்தால் போதும். உள்ளே போக முடியாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். பேனா என் கையில் இருந்தது.

"ம், ஓடும்" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

நாசமாகட்டும் என்று நினைத்தேனா? அப்படித் தெளிவாக நினைக்கவில்லை. போல்டர் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது பேகம்பூர் சிக்னலில் வண்டியை நிறுத்திய நேரத்தில் அந்த இரண்டு வரியும் மனதில் ஓடின. சிக்னல் விழுந்து பின்னால் ஹாரன் அடிக்கும்வரை அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மனம் சங்கடப்பட்டதால் அல்ல.

அடுத்த திங்கட்கிழமை மதியம் அக்கா எல்லாத் துறைப் படங்களையும் ஒரு புதுப் போல்டருக்கு நகர்த்தினார். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அதற்குள்ளே தற்காலிகப் போல்டரையும் புதிதாக உருவாக்கினார். அதன் பெயரின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக அடித்துவிட்டார். லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறுவேறு. ஸ்கிரிப்டை ஓட்டினார்.

அலுவலகத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். முகத்தில் வேர்வை.

"தம்பி, படத்தை எல்லாம் காணோம்."

போய்ப் பார்த்தேன். திரையில் அந்த ஒரு வரி நின்றது, அப்படி ஒரு போல்டர் இல்லை என்று. போல்டர் காலியாக இருந்தது. கேமராவின் கார்டை அடுத்தடுத்த துறைக்காக நான் அவ்வப்போது துடைத்திருந்தேன். அதிலும் ஒன்றும் இல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அலுவலகத்தின் எல்லாக் கோப்புகளையும் நான் தினமும் மாலை ஐந்து மணிக்கு என் அறையில் கிடந்த ஒரு பழைய மெஷினுக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் ஒரு ஸ்கிரிப்ட். யாரும் கேட்டுச் செய்ததில்லை. என்றைக்காவது பெரிய விபத்து நடக்கும், அன்று நான் இதை எடுத்துக் கொடுப்பேன், எல்லோரும் வாய்பிளந்து நிற்பார்கள் என்ற ஆசையில் செய்தது. யாரிடமும் சொல்லவில்லை. திங்கள் மாலை ஐந்து மணி வரை இருந்த எல்லாப் படங்களும் அந்த மெஷினில் இருந்தன. பத்தடி தூரம்.

"எதுவும் வழி இருக்கா தம்பி?"

"அழிஞ்சா அழிஞ்சதுதான் மேடம்" என்றேன்.

என் நகல் ஸ்கிரிப்டுக்கு ஒரு குணம் உண்டு. அலுவலக மெஷினில் இல்லாததை நகலிலிருந்தும் நீக்கிவிடும். அன்று மாலை அதை ஓடவிட்டால் படங்கள் உண்மையாகவே போயிருக்கும். நாலரை மணிக்கு உட்கார்ந்து அதை நிறுத்திவைத்தேன். கோபத்தில் வாய்தவறிச் சொன்ன பொய் என்று இதைச் சொல்லிக்கொள்ள வழியில்லாமல் செய்தது அந்த வேலைதான்.

முதல்வர் அக்காவை அலுவலகத்தின் நடுவில் நிறுத்திப் பேசினார். "இந்த வயசுல எதுக்கும்மா உனக்கு இந்த வேண்டாத வேலை? கையால செஞ்சா கை தேஞ்சா போயிரும்?" என்றார். நேற்றுவரை அவர் பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த வேலை அது. அக்கா தலையைக் குனிந்துகொண்டு மணிக்கட்டுப் பட்டையைத் தடவிக்கொண்டே நின்றார். எல்லா மாணவர்களையும் திரும்ப வரவழைத்துப் படம் எடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. செல்போனில் எடுத்து அனுப்புவது செல்லாது. கடைசி நாளுக்கு ஒன்றரை வாரம்தான் இருந்தது. பாடங்கள் முடிந்து விடுமுறை விட்டிருந்ததால் பிள்ளைகள் ஊர்களுக்குப் போயிருந்தார்கள்.

அக்கா பெயர்ப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்காகப் போன் செய்தார். மதியம் சாப்பிடவில்லை. மெஷின் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. "நான்தான் சாமி தெரியாம அழிச்சிட்டேன். ஒரு எட்டு வந்துட்டுப் போயிருங்க" என்றே ஒவ்வொருவரிடமும் சொன்னார். சிலர் அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது.

புதன்கிழமை வர ஆரம்பித்தார்கள். வெள்ளைத் திரையை மறுபடி மாட்டிக் கேமராவோடு நின்றேன். நகலை எப்போது எடுத்துக் கொடுப்பது என்று அதுவரை யோசித்துவைக்கவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தள்ளிக்கொண்டிருந்தேன்.

மதியம் கீரனூரிலிருந்து ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் வந்தார்கள். இறுதியாண்டு மாணவி. தலையில் துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள். பழனியில் போன வாரம் முடி இறக்கியிருக்கிறார்கள். அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்கான வேண்டுதல். படத்தில் தலை மூடியிருக்கக்கூடாது என்பது விதி. அதைச் சொல்ல வேண்டியவன் நான்.

"துப்பட்டாவை எடுக்கணும்மா."

அவள் அசையவில்லை. அப்பா அக்காவின் மேஜைக்குப் போனார். வயலிலிருந்து அப்படியே வந்தவர் மாதிரி இருந்தார்.

"ஏனுங்க, போன மாசம் எடுத்த படம் இல்லீங்களா? அதுல நல்லா முடியோட இருந்தாளுங்க. கொஞ்சம் தேடிப் பாருங்களேன்."

"இல்லைங்கய்யா. என் தப்புதான். என்னால அழிஞ்சு போச்சு."

"ஒரு படம் போதுமுங்க. மத்ததெல்லாம் வேண்டாமுங்க."

அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, இந்த ஒரு புள்ளைக்காவது ஏதாச்சும் செய்ய முடியுமா?"

அறைக்குப் போய் இரண்டு நிமிடத்தில் அந்த ஒரு படத்தை எடுத்துவந்திருக்கலாம். எங்கிருந்து கிடைத்தது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்காக, "வாய்ப்பே இல்லைங்க" என்றேன்.

அந்தப் பெண் துப்பட்டாவை எடுத்தாள். அழுதுகொண்டே நின்றதால் முதல் இரண்டு படம் சரியாக வரவில்லை. "கண்ணைத் தொடைச்சுட்டு நேரா பாரும்மா" என்றேன். மூன்றாவது படத்தை எடுத்துக்கொண்டேன். வரிசையில் நின்ற பையன்களில் ஒருவன் ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அக்கா எழுந்து வந்து அந்தப் பெண்ணின் தலையில் துப்பட்டாவைத் தன் கையாலேயே போட்டுவிட்டார்.

அன்று வந்தவர்களின் படங்களை அன்று மாலையே அக்கா கையால் சரிசெய்து தளத்தில் ஏற்றிவிட்டார். ஒருமுறை ஏற்றினால் மாற்ற முடியாது. அந்தப் பெண்ணின் நுழைவுச்சீட்டு மொட்டைத் தலையோடுதான் வந்தது. எல்லாத் தேர்வுக்கும் அதைத்தான் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

வியாழக்கிழமை காலை முதல்வர் என்னைக் கூப்பிட்டு, அழிந்ததை மீட்க ஏதோ சாஃப்ட்வேர் இருக்கிறதாமே, முயற்சி செய்து பார் என்றார். நான் காத்திருந்தது இதற்காகத்தான். கஷ்டம் சார், பார்க்கிறேன் என்றேன். அலுவலக மெஷினை என் அறைக்குத் தூக்கிவரச் செய்து கதவைச் சாத்திக்கொண்டேன். மூன்று மணி நேரம் செல்போனில் கிரிக்கெட் பார்த்தேன். பிறகு பழைய மெஷினிலிருந்து அந்தப் போல்டரை அப்படியே திரும்பக் காப்பி செய்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தலைமுடியைக் கொஞ்சம் கலைத்துவிட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன்.

அலுவலகமே கைதட்டியது. முதல்வர் தோளில் தட்டிக்கொடுத்தார். அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மாதாதான் உங்களை அனுப்பியிருக்கா தம்பி" என்றார். நான் கையை உருவிக்கொண்டு, "இனிமேலாச்சும் பாத்து செய்ங்க" என்றேன்.

சனிக்கிழமை மதியம் அவர் என் அறைக்கு வந்தார். கையில் ஒரு தாள். என் நகல் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் எப்போது நகல் எடுத்தது, எத்தனை கோப்பு என்று ஒரு சின்னக் குறிப்புக் கோப்பை அந்தந்தப் போல்டருக்குள் எழுதிவைக்கும். படங்களோடு அதையும் சேர்த்துத் திரும்ப ஊற்றியிருக்கிறேன். நான்கு மாதம் முன்னால் என்றால் அக்காவுக்கு அது என்னவென்று புரிந்திருக்காது. அதைத்தான் அச்செடுத்து வந்திருந்தார். திங்கள், மாலை ஐந்து மணி.

"நான் அழிச்சது செவ்வாய்க்கிழமை. இது திங்கக்கிழமையே எடுத்து வச்ச நகல்தானே?"

நான் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அந்தப் புள்ள அழுதுச்சே, அப்பவும் இது உங்ககிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சு."

ஏன் உண்மையைச் சொன்னேன் என்று தெரியவில்லை. அறையில் வேறு யாரும் இல்லை என்பதால் இருக்கலாம்.

அவர் தாளை இரண்டாக மடித்தார். பிறகு, "ஸ்கிரிப்டைக் கொண்டாந்து காட்டுனேன்ல, அப்பவே தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவே இல்லை.

திங்கட்கிழமை தாளோடு முதல்வரிடம் போனார். என்னையும் கூப்பிட்டார்கள். முதல்வர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் புரியவில்லை.

"என்னப்பா இது? நகல் உன்கிட்ட முன்னாடியே இருந்துச்சுங்குது இந்தம்மா."

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் முன்னால் அவரிடம் ஒப்புக்கொண்டதை இங்கேயும் சொல்லுவேன் என்று நினைத்திருப்பார்.

"ரெக்கவரி பண்ணும்போது தேதியெல்லாம் மாறி விழும் சார். மேடத்துக்கு அது தெரியாது. இப்பதானே கத்துக்குறாங்க" என்றேன்.

முதல்வர் தாளை அவர் பக்கம் தள்ளினார். "அவன் ராப்பகலா உக்காந்து உன்னைக் காப்பாத்திக் குடுத்திருக்கான். அவன் மேலயே பழி போடுறியேம்மா. மனுசத்தன்மை வேணாமா?"

அக்கா தாளை மடித்து ஹேண்ட்பேகில் வைத்துக்கொண்டார். அவர் அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

மறுவாரம் அவரை நூலக வாசலுக்கு மாற்றினார்கள். உள்ளே போகிறவர்களின் பையை வாங்கி வைத்துவிட்டு டோக்கன் கொடுக்கிற வேலை. அங்கே கணினி கிடையாது. நான் நூலகத்துக்குப் பின்பக்கமாகப் போய்வரப் பழகிக்கொண்டேன். ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக அங்கே இருந்தார். பிறகு ராஜினாமா செய்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பிரிவு உபசாரம் எதுவும் நடக்கவில்லை.

தேர்வுப் பிரிவுக்குப் புதிதாக வந்தவர் பட்டப்படிப்பில் கணினி படித்தவர். அக்காவின் ஸ்கிரிப்ட் அந்த மெஷினில் அப்படியே இருந்தது. இதை ஓட்டலாமா சார் என்று கேட்டார். முதல் வரியின் முடிவில் அந்த ஒரு சொல்லைச் சேர்த்துக் கொடுத்தேன். யார் எழுதியது, ரொம்ப நன்றாக இருக்கிறதே என்றார். தெரியவில்லை என்றேன்.

அந்தப் பதிலுக்குப் பிறகுதான் எனக்குத் தூக்கம் கெட ஆரம்பித்தது. அதற்கு முன்னால் நான் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

இந்த வருடம் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆத்தூருக்குப் பஸ் ஏறினேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். மாதா கோவிலில் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் என்னைத் தெரியாமல், மரியாதைக்கு உட்காரச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். எதிரில் உட்காரவில்லை.

"மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்க்கா" என்றேன்.

"என்கிட்டயா?"

"ஆமா."

"என்கிட்ட வேணாம். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றார். குரலில் கோபமும் இல்லை, வேறெதுவும் இல்லை. "எம்மக இருக்கா. காலேசு ரெண்டாவது வருசம். எது செஞ்சாலும் நீ தொடாதம்மா, நீ தொட்டா அழிச்சுப்புடுவேங்குறா. என் போனைக்கூட அவதான் பாக்குறா. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா. அவகிட்ட நடந்ததைச் சொல்லுங்க. அது போதும்."

மகளைக் கூப்பிட்டார். பத்தொன்பது வயதுப் பெண். வந்து அம்மாவின் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தாள். அக்காவும் பார்த்தார்.

வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். உங்கம்மா எழுதியதில் இருந்த ஆபத்து எனக்குத் தெரியும், சொல்லவில்லை, நகல் என்னிடம் இருந்தது, கொடுக்கவில்லை, முதல்வர் முன்னால் பொய் சொன்னேன். நாலே விஷயம்தான். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் நான் யாராகத் தெரிவேன் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

"உங்கம்மா மேல தப்பு இல்லம்மா" என்றேன். "நல்லாத்தான் எழுதியிருந்தாங்க. அன்னிக்கு மெஷின்ல ஒரு சின்னக் கோளாறு. யார் ஓட்டியிருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும்."

மகள், "ஓ, அப்படியா" என்று சொல்லி அம்மாவைப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. அம்மாவுக்காக யாரோ ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்கலாம். உள்ளே போய்விட்டாள்.

அக்கா குனிந்து, நான் குடிக்காமல் வைத்திருந்த தம்ளரை எடுத்தார்.

"பன்னெண்டே காலுக்குத் திண்டுக்கல் பஸ்ஸு. அதை விட்டா ரெண்டு மணிக்குத்தான். கெளம்புங்க சார்" என்றார்.

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். மணி பதினொன்றே முக்கால்கூட ஆகவில்லை. நான் படியிறங்கும்போதே கதவு சாத்தப்பட்டது. பஸ் நிறுத்தத்தில் வெயிலில் நின்றேன். திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாம், இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.